மாலூரில் தலை, ஒயிட்ஃபீல்டில் ஷூ

"ரயில்ல புள்ள வளக்க முடியாதும்மா. பாதியிலயே எறங்கிடுவ."

ரோசலின் அக்கா இதைச் சொன்னபோது ரயில் மாரிக்குப்பத்தை விட்டுக் கிளம்பக்கூட இல்லை. ஜன்னலுக்கு வெளியே இருட்டு. நான்கு வயது யாழினி சால்வைக்குள் சுருண்டு என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் அவள் பள்ளிப் பை, இன்னொரு கையில் என் சாப்பாட்டுப் பை. கசங்கக் கூடாதென்று ஹேங்கரில் மாட்டிய அவள் யூனிஃபார்மைப் பல்லில் கடித்துப் பிடித்திருந்தேன். அதனால் பதில் சொல்ல முடியவில்லை.

அக்கா எழுந்து வந்து என் வாயிலிருந்து ஹேங்கரை வாங்கினார். சாமான் வைக்கும் தட்டின் கம்பியில் அதை மாட்டினார்.

"இன்னா பாக்கற? குந்து. பாதியில எறங்கறவங்களுக்கும் சீட்டு உண்டு."

பெட்டியில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்றது. அவருக்குப் பதினோரு வருட ரயில் அனுபவம். தையல் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். சும்மா எதையும் சொல்கிறவர் இல்லை.

அது எல்.கே.ஜி.யின் முதல் நாள்.

வேறு வழி

நான் ரயிலில் இரண்டு மணி நேரம் தள்ளியிருக்கும் கே.ஆர். புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். அதற்கு மேல் டிப்ளமோவும் முடித்தேன். வெள்ளைக் கோட்டைத் துவைத்துக் கொடியில் போடும்போது, எங்கள் தங்கச் சுரங்கக் குடியிருப்பான மைசூர் மைன்ஸ் லைனில் போகிறவர்கள் பார்க்கும்படியான பக்கமாகத்தான் போடுவேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை.

என் கணவர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் ஏதாவது ஒரு ஹைவேயில் இருப்பார். எங்கள் ஊர்ப் பள்ளிகளில் எல்.கே.ஜி. மதியத்தோடு முடிந்துவிடும். நான் வீடு திரும்ப ராத்திரி எட்டாகும். நடுவில் குழந்தை எங்கே இருப்பாள்?

"பூதிகோட்டைல எங்க வூட்ல விட்டுடு. ஞாயித்துக்கிழமை வந்து பாத்துக்கோ" என்றான் அண்ணன். நல்ல மனதோடுதான் சொன்னான். ஆனால் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் அம்மாவாக இருக்க எனக்குத் தெரியாது.

லேபுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சின்னப் பள்ளி இருந்தது. சாயங்காலம் வரை குழந்தைகளை அங்கேயே பார்த்துக்கொள்வார்கள். என் மேஜையிலிருந்து நடந்தால் ஐந்து நிமிடம். ஒரே ஒரு தடை, விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே இருந்தது. சின்னக் குழந்தைகளின் வீடு பள்ளிக்கு அருகில் இருக்க வேண்டும்.

என்னோடு வேலை செய்யும் பெண்ணின் வீட்டு முகவரியை எழுதிக் கொடுத்தேன். சீட்டுக் கிடைத்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம்தான். தெரிந்துவிட்டால் சீட்டு போகும். சீட்டுப் போனால் ஒன்று என் வேலை போகும், இல்லையென்றால் மகள் பூதிகோட்டைக்குப் போவாள்.

ஸ்டேஷன் வாரியாக

மற்ற வீடுகளில் காலை என்பது படுக்கையறையிலிருந்து குளியலறைக்கும் அங்கிருந்து சமையலறைக்கும் போகும். எங்கள் காலை மாரிக்குப்பத்திலிருந்து கே.ஆர். புரத்துக்குப் போகும்.

வீட்டில் நடப்பது இரண்டே வேலை. பல் தேய்ப்பது, பாத்ரூம் போவது. ரயில் பாத்ரூமைப் பற்றி யாழினிக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு. உள்ளே பார்த்தால் தண்டவாளம் ஓடுகிறதாம். அது தன்னை இழுத்துக்கொண்டு போய்விடுமாம். எனவே அந்தக் காரியம் வீட்டிலேயே முடியும்வரை நாங்கள் கதவைப் பூட்டுவதில்லை.

பங்காருப்பேட்டை வரை தூங்குவாள். அங்கே ரயில் கொஞ்ச நேரம் நிற்கும். டீ விற்பவர்களின் குரலில் கண் விழிப்பாள். ஃபிளாஸ்கில் இருந்து பால். டேக்கல் வந்தால் இட்லி. டேக்கல் தாண்டியதும் அவள் ரோசலின் அக்காவின் இரண்டு முழங்கால்களுக்கு நடுவே போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவாள். மாலூர் பிளாட்பாரம் தெரியும்போது இரட்டைப் பின்னல் முடிந்து ரிப்பன் ஏறியிருக்கும்.

"எங்க கீது இன்னொரு ரிப்பன்? ஏ யாழு, தலைய ஆட்டாத. ரயிலு ஆடறது போதாதா?"

மாலூரில் மஞ்சுளா ஏறுவார். கன்னடக்காரர், வங்கியில் வேலை. எங்கள் பெட்டியில் ஒரு பழக்கம் உண்டு. மாரிக்குப்பத்தில் ஏறி உட்கார்ந்து வந்தவர்கள் மாலூரில் எழுந்து, நின்று வருகிறவர்களுக்கு இடம் கொடுப்பார்கள். யாரும் எழுதிவைத்த சட்டமில்லை. மஞ்சுளா உட்கார்ந்ததும் "பா சின்னா" என்று கன்னடத்தில் கொஞ்சி யாழினியை மடியில் இழுத்துக்கொள்வார்.

யூனிஃபார்ம் மாட்டுவது அதற்குப் பிறகு. இரண்டு பெண்கள் துப்பட்டாவை விரித்துத் திரை பிடிக்க வேண்டும். இது யாழினியின் உத்தரவு.

"யாரும் பாக்கக் கூடாது."

"யாரும் பாக்கலம்மா, ராணி."

"அந்த ஆன்ட்டி பாக்கறாங்க."

"அவங்க தூங்கறாங்க, கண்ணு."

"கண்ணத் தொறந்துகினு தூங்கறாங்க."

ஒயிட்ஃபீல்டில் மஞ்சுளா ஷூ மாட்டிவிடுவார். கே.ஆர். புரத்தில் இறங்கும்போது என் மகளைப் பார்த்தால், எட்டு மணி வரை தூங்கி எழுந்து, பக்கத்துத் தெருவிலிருந்து வருகிற குழந்தை போலத்தான் இருப்பாள். அதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

முதல் மாதம் முடிந்தது. "மழை வரட்டும், அப்ப பாரு" என்றார் ரோசலின் அக்கா. மழை வந்து போனது. "குளிர் வரட்டும்" என்றார். சொல்லிக்கொண்டே யாழினியின் காதை மூடிக் குல்லாவை இழுத்துவிட்டார்.

நாலு டிபன்

நடுவில் ஒரு கூத்தும் நடந்தது.

ஒரு நாள் பள்ளியிலிருந்து போன். யாழினி வாந்தி எடுத்துவிட்டாள். ஓடினேன். ஜுரம் இல்லை, ஒன்றுமில்லை. மறுநாள் பெட்டியில் விசாரித்தால் விஷயம் வெளியே வந்தது. நான் இட்லி ஊட்டியிருந்தேன். அதற்குப் பிறகு எதிர் சீட்டு நர்ஸ் பெண் "சாப்ட்டியா?" என்று கேட்க, "இல்ல" என்று சொல்லி அவருடைய உருளைக்கிழங்குப் பூரியில் பாதியைத் தின்றிருக்கிறாள். ரோசலின் அக்காவிடமும் "இல்ல". அங்கே கேக். மஞ்சுளாவிடமும் "இல்ல". அங்கே சித்ரான்னம்.

"அடிப்பாவி! நாலு டிபனா?" என்றார் ரோசலின் அக்கா. "நான் ஃபேக்டரிக்குப் போயி வெறும் டீயோட ஒக்காந்திருந்தேன்டி!"

யாழினி கொஞ்சமும் அசரவில்லை. "நீங்க கேட்டப்ப வாயில ஒண்ணும் இல்லையே" என்றாள்.

அன்று அக்கா ஒரு ஏற்பாடு செய்தார். அவர் அப்பா மைன்ஸில் வேலை செய்தவர். ஷிஃப்டுக்கு உள்ளே இறங்குகிறவர்கள் நம்பர் போட்ட ஒரு டோக்கனைப் பலகையிலிருந்து எடுத்துக்கொண்டு போவார்களாம். மேலே வந்ததும் திரும்ப மாட்டுவார்களாம். பலகையைப் பார்த்தாலே யார் இன்னும் கீழே இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

"இவ வாயக் கேட்டா வேலைக்கு ஆவாது. இவளுக்கும் டோக்கன்தான்."

தன் புடவையிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றி யாழினியின் சட்டையில் இடது தோளில் குத்தினார். ஊட்டி முடித்தவர் அதை வலது தோளுக்கு மாற்ற வேண்டும். வலது பக்கம் ஊக்கு இருந்தால் அவள் எவ்வளவு பாவமாகப் பார்த்தாலும் ஒரு பிஸ்கட்கூடக் கிடையாது. அந்த ஏற்பாடு ஒரு நாளும் தவறவில்லை. அதைக் கண்டுபிடித்த அக்கா மட்டும் ஒளித்துவைத்து ஒரு துண்டு கேக் கொடுப்பார்.

ஃபாரம் எழுதும் கை

பொய் முகவரியை நான் தயங்காமல் எழுதினேன். அது ஏன் என்று பின்னால் நிறைய யோசித்தேன்.

படிக்கத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் எட்டு வயதிலிருந்தே எங்கள் வீட்டு ஃபாரம் எல்லாம் நான்தான் எழுதுவேன். பிறகு எங்கள் லைன் வீடுகள் எல்லாவற்றுக்கும். ரேஷன் கார்டு, பென்ஷன், கேஸ் இணைப்பு. யாருக்கும் பிறந்த தேதி சரியாகத் தெரியாது.

"இன்னா தேதி போடறது, மாமா?"

"அந்தப் பெரிய மழை பேஞ்ச வருசம். நீயே நல்லதா ஒண்ணு போடும்மா."

நானே நல்லதாக ஒன்று போடுவேன். எந்தக் கட்டத்தில் எதை எழுதினால் ஆபீசில் காகிதம் திரும்பி வராது என்று எனக்குத் தெரியும். எல்லோரும் வாழ்த்துவார்கள். படிப்பின் முதல் பயன் அதுதான் என்று நினைத்து வளர்ந்தேன். கட்டத்துக்கு ஏற்றபடி மனிதர்களைக் கொஞ்சம் திருத்தி எழுதுவது.

என் மகளையும் அப்படித்தான் திருத்தி எழுதினேன். போதாததற்கு அவளுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தேன். "நம்ம வீடு எங்கன்னு யாராச்சும் கேட்டா கே.ஆர். புரம்னு சொல்லணும். சரியா?"

"சரி" என்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தாள். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

காலை அட்டைகள்

குளிர் குறைய ஆரம்பித்திருந்த ஒரு சாயங்காலம். அழைத்துப்போக வந்த என்னை வகுப்பு மிஸ் ஓரமாகக் கூப்பிட்டார். சின்னப் பெண், இதமாகப் பேசுகிறவர். அன்று முகம் சரியில்லை.

வகுப்பில் காலைப் பழக்கங்கள் பற்றிய பாடம். பிரஷ், பால் டம்ளர், தட்டு, சீப்பு, ஷூ என்று படம் போட்ட அட்டைகள். ஒவ்வொரு குழந்தையும் அவற்றை வரிசையாக வைத்து, எதை எங்கே செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் பாத்ரூம், கிச்சன், ஹால் என்று சொன்னார்கள்.

யாழினி எழுந்து வரிசையாக அடுக்கினாளாம்.

"பல்லு வீட்ல. பால் பங்காருப்பேட்டைல. இட்லி டேக்கல்ல. தலை மாலூர்ல. ஷூ ஒயிட்ஃபீல்டுல."

மிஸ் முதலில் கதை விடுகிறாள் என்று நினைத்துச் சிரித்திருக்கிறார். "அப்புறம் நடுவுல இருக்கற ஸ்டேஷன் எல்லாத்தையும் ஒண்ணு விடாமச் சொன்னா, மேடம். எந்தக் குழந்தையாலயும் டேக்கல்ங்கற பேரக் கற்பனை பண்ண முடியாதே." அப்போது பிரின்சிபால் அந்தப் பக்கமாக வந்திருக்கிறார். நின்று கேட்டிருக்கிறார். ஆபீசுக்குப் போய் என் ஃபாரத்தை எடுத்திருக்கிறார்.

நாளைக் காலை பிரின்சிபாலைப் பார்க்க வேண்டும்.

சாயங்கால ரயிலில் யாழினி மிகுந்த சந்தோஷத்தில் இருந்தாள். "மிஸ் எல்லாரையும் கை தட்டச் சொன்னாங்கம்மா!"

"நம்ம வீடு எங்கன்னு கேட்டா இன்னா சொல்லச் சொன்னேன்?"

அவள் புருவத்தைச் சுருக்கி என்னைப் பார்த்தாள். "வீடு எங்கன்னு அவங்க கேக்கவே இல்லையே. காலைல இன்னா பண்ணுவன்னுதான் கேட்டாங்க."

எனக்கு அவள்மீது கோபப்பட ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

"நீங்க யாரு?"

மறுநாள் ரயிலில் எல்லோரிடமும் சொன்னேன். 'அப்பவே சொன்னேன் இல்ல' என்று ரோசலின் அக்கா சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் பின்னலை மட்டும் வழக்கத்தைவிட இறுக்கிப் போட்டார். யாழினி "ஆ" என்றாள்.

கே.ஆர். புரத்தில் நான் இறங்கினேன். பின்னாலேயே அக்காவும் இறங்கினார்.

"அக்கா, இது உங்க ஸ்டேஷன் இல்ல."

"தெரியும். பதினோரு வருசமாப் பாத்துகினு போறேன், இது எந்த ஸ்டேஷன்னு தெரியாதா?"

"லேட் ஆயிடுமேக்கா."

"ஆவட்டும். நட."

மஞ்சுளாவும் இறங்கினார். அவர் ஏற்கெனவே வங்கிக்குப் போன் செய்துகொண்டிருந்தார்.

பிரின்சிபால் அறையில் ஒரு நாற்காலிதான் போட்டிருந்தது. நாங்கள் மூவரும் நின்றோம். என் ஃபாரம் மேஜைமேல் இருந்தது. பிரின்சிபால் ரோசலின் அக்காவைப் பார்த்துக் கன்னடத்தில் கேட்டார். "நீங்க யாரு?"

"நான் தலை பின்றவ, மேடம்."

"நான் ஷூ மாட்டறவ" என்றார் மஞ்சுளா.

பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றினார். ஏன் பொய் எழுதினீர்கள் என்று என்னிடம் கேட்டார்.

"எங்க ஊர் பேர எழுதினா சீட்டு கிடைக்காதுன்னு நெனச்சேன்."

"கிடைச்சிருக்காதுதான். நான் கொடுத்திருக்க மாட்டேன்" என்றார். சுற்றி வளைக்காத மனுஷி. "எத்தனை மணிக்கு எழுப்பறீங்க?"

"நாலரைக்கு."

"அந்தக் குழந்தைக்கு நாலு வயசு."

பொய்யைவிட அந்த ஒரு வரிதான் என்னைக் குனிய வைத்தது.

ரோசலின் அக்கா பேசினார். "மேடம், இவ வேலைய விட்டா ஏழு மணி வரைக்கும் தூங்க வெப்பா. நான் வாணாம்னு சொல்லல. ஆனா நீங்க தினம் அந்தப் பொண்ணைப் பாக்கறீங்களே, அதப் பாத்து யாரும் கவனிக்காத பொண்ணுன்னு எப்பனா தோணிச்சா? வீட்ல ரெண்டு பேரு வளக்கறதை நாங்க பத்துப் பேரு வளக்கறோம்."

ரயிலில் பிள்ளை வளர்க்க முடியாது என்று சொன்ன அதே வாய். நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

பிரின்சிபால் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். கடைசியில் சொன்னார். எல்.கே.ஜி. முடியட்டும். ஆனால் யு.கே.ஜி.க்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், உண்மை முகவரியோடு. அதுவரை குழந்தை வகுப்பில் தூங்கி வழிகிறாளா என்று மிஸ் தினமும் டைரியில் எழுதுவார். வருஷக் கடைசியில் அந்தப் பக்கங்களைப் பார்த்துவிட்டு முடிவு செய்வாராம்.

"உங்களுக்காக இல்லை. குழந்தைக்கு ஒத்துக்கொள்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும்."

அவர் சொன்னது நியாயம். எனக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது.

டைரிப் பக்கங்கள்

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் பிளாட்பாரத்திலேயே டைரியைத் திறப்பேன். வெளிச்சம் போதாமல் செல்போனைப் பிடித்துப் படிப்பேன். "நன்றாக இருந்தாள்." "நன்றாக இருந்தாள்." "பாட்டுப் பாடினாள்."

பெட்டியே மாறிப்போனது. ராத்திரிச் சாப்பாட்டைச் சாயங்கால ரயிலிலேயே முடித்துவிடுவோம், வீட்டுக்குப் போனதும் அவள் படுக்க. காலையில் பங்காருப்பேட்டை வரைக்கும் அவள் தூங்கும்போது யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. ஒரு நாள் போனில் பாட்டு வைத்த ஒரு பெண்ணை நர்ஸ் பெண் ஒரு பார்வை பார்த்தார், பாட்டு நின்றது. ராஜஸ்தானில் எங்கோ இருந்து கணவர் போன் செய்வார். முதல் கேள்வி, "இன்னிக்கு டைரில இன்னா?"

"தூங்கிவிட்டாள்" என்று இரண்டு முறை வந்தது. ஒரு தடவை சளி பிடித்திருந்தது. இன்னொரு தடவைக்குக் காரணம் எதுவும் இல்லை. அவளுக்குத் தூக்கம் வந்தது, அவ்வளவுதான். அன்று ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, அண்ணனுக்குப் போன் செய்யலாமா என்று ஒயிட்ஃபீல்டிலிருந்து மாலூர் வரை யோசித்தேன். செய்யவில்லை. நான் செய்வது சரிதானா என்று இன்றைக்கும் சில நாட்கள் கேட்டுக்கொள்கிறேன். கேட்டுக்கொண்டே நாலரைக்கு எழுப்புகிறேன்.

ஆனால் ஒன்று தெரியும். என் மகளுடைய முதல் பள்ளி வருஷத்தை நான் தனியாகத் தாண்டவில்லை. ரத்த உறவு எதுவும் இல்லாத பெண்கள், தங்கள் வேலைக்கு ஓடுகிற அவசரத்தில், தினம் ஒரு கையை எனக்காக ஒதுக்கிவைத்திருந்தார்கள். அதற்கு நான் என்ன திருப்பித் தர முடியும் என்று தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கோடை விடுமுறைக்கு முன் யு.கே.ஜி. ஃபாரம் வாங்கினேன். முகவரிக் கட்டத்தில் மைசூர் மைன்ஸ், கோலார் தங்க வயல் என்று அழுத்தி எழுதினேன். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடலாம் என்ற இடத்தில் ஒரு வரிதான் இருந்தது. என் நம்பர், கணவர் நம்பர். மீதியை ஓரத்தில் நெருக்கி எழுதினேன்: ரோசலின், மஞ்சுளா.

பிரின்சிபால் டைரியை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். "தூங்கிவிட்டாள்" என்றிருந்த இரண்டு பக்கங்களிலும் கொஞ்சம் நின்றார். பிறகு ஃபாரத்தின் ஓரத்தைப் படித்தார். எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

போன வாரம் யாழினிக்கு ஐந்து வயது முடிந்தது. ஐந்து வயதுக் குழந்தைக்கு ரயிலில் டிக்கெட் எடுக்க வேண்டும். சனிக்கிழமை அவளையும் ஒரு போட்டோவையும் எடுத்துக்கொண்டு மாரிக்குப்பம் கவுன்டருக்குப் போனேன். உள்ளே இருந்தவர் எட்டிப் பார்த்தார். கவுன்டர் விளிம்புக்கு மேலே இரண்டு ரிப்பன் மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருக்கும்.

"சீசன் டிக்கெட் யாருக்கும்மா?"

"எனக்கு!" என்று கீழே இருந்து குரல் வந்தது.

அவர் சிரித்துக்கொண்டே பேர் கேட்டார், ஊர் கேட்டார். சொன்னேன். ஒரு மாசமா, மூணு மாசமா என்று கேட்டார்.

மூணு மாசத்துக்கு எடுத்தேன்.